ஏழாம் பக்கத்துக் கரடி

ஆறு மணிக்குள் இருநூறு வார்த்தை.
கண்காட்சி, வினோதம், நாய்க்காட்சி,
மரண அறிவித்தல் தவிர மிச்சமெல்லாம்
என் பக்கம்.
டுலூத்தில் பிப்ரவரி.
சுப்பீரியர் ஏரி கரையோரம்
உடைந்த கண்ணாடியாகக் குவிந்து கிடக்கிறது.
மூச்சிழுத்தால் மூக்குக்குள் முடி உறைகிறது.

மூடிப்போன சலவைக்கடைதான் கலைக்கூடம்.
சோப்பு வாசனை இன்னும் போகவில்லை.
பதினாறு எந்திரங்களுக்கு நடுவில்
ஒரு கரடி.

கீபோர்டு வாசிக்கும் கரடி. ஆளுயரம்.
பீட்சாக் கடையொன்றில்
எந்திர விலங்குகளின் வாத்தியக் குழுவில் இருந்தது.
எண்பத்தெட்டில் கடை திவால்.
முயல் எங்கே போயிற்றென்று தெரியாது.
டிரம்ஸ் அடித்த நரியைக்
குப்பைக்கிடங்கில் பார்த்ததாக ஒருவர் சத்தியம் செய்கிறார்.
கரடி மட்டும் எல்ராய் மாட்சனின் படகுக் கொட்டகையில்
முப்பத்தைந்து வருஷம் தார்ப்பாய்க்கடியில்.

ப்ரின் ஊஸ்ட்பி நானூறு டாலருக்கு வாங்கினாள்.
மோட்டார் மாற்றினாள்.
வயிற்றுக்குள்ளிருந்த எலிக்கூட்டை எடுத்துத்
தனியே ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்தாள்.
நினைவின் எந்திரவியலை விசாரிக்கிறது
என்கிறது சுவரில் ஒட்டிய அட்டை.
நான் விசாரித்தவரை
கரடிக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம்.

நான்கு நிமிஷத்துக்கு ஒருமுறை
இடது இமை மட்டும் திறக்கும்.
குரலுக்கு அரை நொடி பிந்தி வாய்.
"இன்னிக்கு யாருக்குப் பிறந்தநாள்? நம்ம டார்லாவுக்கு!"
கடைசி நாடாவில் இருந்த பெயர்.

செய்தி பரவியது.
டார்லாக்கள் வந்தார்கள்.
பாலம் கடந்து விஸ்கான்சினிலிருந்து மூவர்,
ஆக்சிஜன் குழாயோடு ஒருத்தி,
டார்லா என்று பேர் வைத்த பன்றிக்குட்டியைப்
போர்வையில் சுற்றிக்கொண்டு ஒரு பையன்.
பதிவேட்டில் பத்தொன்பது கையெழுத்து,
பன்றி நீங்கலாக.
ஒவ்வொருத்தியும்
தனக்கே சொன்னதாகச் சிரித்தாள்.
கேமரா பாட்டரி
குளிரில் செத்துச் செத்துப் பிழைத்தது.

சனிக்கிழமை, மூடும் நேரம்.
பூசை வேளையில் கரடி என்பார்களே,
இங்கே கரடியின் பூசையில் ஒரு பெண்.
பனி ஒட்டிய பூட்ஸ், தபால்துறைக் கோட்டு.
"நான் டார்லா இல்லை."
அதுதான் முதல் பேச்சு.
மார்னி ஹக்காலா.
"எனக்கு அன்னிக்கு ஏழு வயசு.
எனக்கு முந்தின மேசை டார்லா.
நாடாவை மாத்த மறந்துட்டாங்க.
என் கேக், என் மெழுகுவத்தி,
என் பதினோரு சிநேகிதிகள் பார்த்திருக்க
இது டார்லான்னுச்சு.
அடுத்த வாரமே கடையை மூடிட்டாங்க."

ஆறாம் வகுப்புவரை
பள்ளியில் அவள் பேர் டார்லா.

ப்ரின் மைக்கோடு ஓடிவந்தாள்.
ஐந்து நிமிஷ வேலை,
உங்கள் பேரையே பதிந்துவிடலாம்.
இடது இமை திறந்தது.
உள்ளே ஒரு பல்சக்கரம் நறநறத்தது.
பாதி வாயில் நின்று, பிறகு
சொல்லியது.
"வேணாம்" என்றாள் மார்னி.
"பழகின தப்பு."

போவாள் என்று நினைத்தேன்.
இன்னொரு நான்கு நிமிஷம் நின்றாள்.
அப்புறம் இன்னொரு நான்கு.
ப்ரின் விளக்குகளை அணைக்காமல்
துவைக்கும் எந்திரமொன்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

எல்லாவற்றையும் எழுதினேன். முந்நூற்று நாற்பது.
டயர் விளம்பரம் ஒன்று வந்து சேர,
தொண்ணூறாயிற்று.
மார்னி இருந்த பத்தி முழுசாகப் போயிற்று.
படம் மட்டும் தப்பியது. அதன் கீழே
மேசையில் எவனோ எழுதியிருந்தான்:
கரடியுடன் டார்லா.

திங்கள் காலை அவள் குரல் தொலைபேசியில்.
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே
திருத்தத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன்.
அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.
பிறகு கூரையிலிருந்து பனி சரிவதுபோல்
ஒரு சத்தம். சிரிக்கிறாள்.
"திருத்தம் கிருத்தம் போட்டே, உன் வீட்டுத் தபால் வராது.
எனக்கு மூணு பிரதி எடுத்து வை."

கண்காட்சி இருபத்தெட்டாம் தேதி வரை.
திங்கள் விடுமுறை. அனுமதி இலவசம்.
வண்டி நிறுத்தப் பின்பக்கம் இடமுண்டு,
பனி வாரியிருக்க மாட்டார்கள்.